தேய்வதற்கென்றே ஒரு முகம்

போர் முடிந்த வருஷம், ராயபுரத்தில் எங்கள் பட்டறையில் அந்தோனியார் மூக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தார். திருவிழா முடிந்து தேரிலிருந்து இறக்கும்போது யாரோ கை தவறவிட்டதில் போன மூக்கு. என் வீட்டுக்காரர் பூவரசு மரத்தில் புது மூக்கு செதுக்கி ஒட்டுவார், நான் வர்ணம் பூசுவேன். அதுதான் எங்கள் பிழைப்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கோயிலில் எந்தப் புனிதருக்கு விரல் உடைந்தாலும் கன்னம் வெடித்தாலும் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். மெழுகும் மரத்தூளும் குழைத்து வெடிப்பை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பழைய முகத்தைப் புது முகமாக்கித் திருப்பி அனுப்புவோம். என் வீட்டுக்காரர் அடைத்த வெடிப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சுமக்க எங்கள் பட்டறை போதாது.

பர்மாவிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் அப்போது பட்டணத்துக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். ஊருக்குப் போகக் கப்பல் வர வேண்டும். அது எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களுடைய அதிகாரிகளுக்கும் தெரியாது. அவர்களைப் பற்றி எங்கள் தெருவில் கிளம்பிய கதைகளை எழுதக் கை கூசுகிறது. மனுஷனைத் தின்பார்கள் என்று சொன்ன வாயெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்களுக்குப் பக்கத்தில் நற்கருணை வாங்கத் திறந்தது.

அந்தச் சிப்பாய்களில் ஒருவர் ஒருநாள் மத்தியானம் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். இரண்டு கன்னத்திலும் மும்மூன்று கீறல் தழும்பு. அந்தோனியாரையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இதைச் செதுக்கியது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள் நான். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் துறைமுகத்தில் வெள்ளைக்கார மேஸ்திரியிடம் வாங்கிய வசவுதான். அதை விருந்தாளியிடம் பேச முடியாது.

அவர் நைஜீரியாக்காரர். அங்கே யொரூபா என்று ஒரு பெரிய இனம், அதைச் சேர்ந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்தே பட்டாளத்துக்கு வந்தார்கள், அண்ணன் பர்மாக் காட்டில் செத்துப்போனார். புதைத்த இடம் கூடக் கிடையாது. இதையெல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நேராக நின்று சொன்னார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவருக்கு ஒரு சாண் உயரத்துக்கு மரத்தில் ஒரு உருவம் வேண்டும். கப்பல் வருவதற்குள் வேண்டும்.

அவர்கள் வழக்கத்தில் இரட்டையருக்கு உயிர் ஒன்றுதான், உடம்புதான் இரண்டு. ஒருவர் போய்விட்டால் அந்தப் பாதி உயிருக்கு உட்கார இடமில்லாமல் போய்விடும். இடமில்லாமல் அலைகிற பாதி, இருக்கிற பாதியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு உருவம் செதுக்கித் தாயின் கையில் கொடுப்பார்கள். அவள் அதைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி போர்த்தி, உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வாள். குழந்தையிலேயே போய்விட்ட பிள்ளைக்குத்தான் இதைப் பெரும்பாலும் செய்வார்களாம். ஆனால் என் அம்மா வயதையெல்லாம் பார்க்க மாட்டாள், அவளிடமிருந்து இரண்டு பேர் புறப்பட்டோம், ஒருவனாக வெறுங்கையோடு போய் வாசலில் நிற்க என்னால் முடியாது என்றார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் பின்வாங்கினார்.

"சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்வாரு? கட்டைக்குச் சோறு ஊட்டறதெல்லாம் நம்ம வேதத்துல கீதா?"

"மாதாவுக்குப் பட்டு கட்டி, கிரீடம் வச்சி, தேர்ல இஸ்துகினு போறோமே, அது மட்டும் இன்னாவாம்?" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் அவர் உளியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். தீட்ட ஆரம்பித்தார். எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் அந்தச் சிப்பாய்க்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டினார். இதுவும் என்னுடையது, என் அம்மாவும் என்னுடையவள் என்றார். என் வீட்டுக்காரர் தீட்டிய உளியைக் கீழே வைத்துவிட்டு அரைமனதாகத் தலையாட்டினார்.

மரத்தில் உளி படுவதற்கு முன்னால் செதுக்குபவர் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் முறை. சாப்பாட்டையும் அந்த வீட்டார்தான் போட வேண்டும். மறுநாள் ஒரு கைக்குட்டை நிறையக் காராமணியோடு வந்து என் ஆட்டுக்கல்லைக் கேட்டார். கட்டிய புருஷனையே அடுப்பங்கரையில் நுழைய விடாதவள் நான். ஊறவைத்த காராமணியை அவர் கையால் தேய்த்துத் தேய்த்து ஒரு தோல் மிச்சமில்லாமல் களைந்ததைப் பார்த்து அடுப்பையும் அவர் கையில் விட்டுவிட்டேன். வெங்காயமும் மிளகாயும் சேர்த்து ஆட்டி, மாவைக் கையாலேயே நுரைக்க அடித்து, உருட்டாமல் தட்டாமல் அப்படியே எண்ணெயில் விட்டார். நம் வடைதான், ஓட்டை மட்டும் இல்லை. அவர்கள் ஊரில் அதற்கு அக்கரா என்று பெயராம். முதல் ஈட்டைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். இரட்டையர் பேரில் செய்கிற பண்டத்தை முதலில் பிள்ளைகள்தான் தின்ன வேண்டுமாம். மனுஷனைத் தின்கிற கதை சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் என் வாசற்படியில் விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

என் வீட்டுக்காரர் மூச்சுத் திணறச் சாப்பிட்டார். அதற்கப்புறம் சாமியார் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சாப்பிடும்போதுதான் எங்களுக்குள் ஒரு தர்க்கம் வந்தது. வயிற்றிலிருந்து முதலில் வந்தது நான்தான் என்று சிப்பாய் சொன்னார். அப்படியானால் நீங்கள்தானே அண்ணன், செத்துப்போனவரை ஏன் அண்ணன் என்கிறீர்கள் என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். உள்ளே இருக்கிற மூத்தவன்தான் இளையவனிடம், நீ முன்னால் போய் உலகம் எப்படி இருக்கிறதென்று பார் என்று சொல்லி அனுப்புவானாம். இளையவன் வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது வா என்று அழுவானாம். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் மூத்தவன் நிதானமாக வருவானாம். பட்டாளத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. காட்டுக்குள் ரோந்து போகும்போதெல்லாம் இவர் முன்னால், அண்ணன் பின்னால். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அண்ணன், இன்று நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முந்திக்கொண்டு போயிருக்கிறார்.

குழந்தை பிறந்தவுடன் அழுவதை நான் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். அது யாருக்கோ சொல்லி அனுப்புகிற சேதி என்று ஒரு ஜனம் முழுவதும் நம்பிக்கொண்டிருப்பதை நினைக்க எனக்கு அப்படியே பிரமிப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் உழைத்தார். எந்தப் புனிதருக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. உருவம் முடிந்தபோது எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அளவெடுத்த உடம்பு, அதற்கேற்ற சிறிய தலை, வானத்தைப் பார்க்கிற கண். முகம் அந்தச் சிப்பாயின் முகமேதான். கன்னத்துத் தழும்புகளை மட்டும் விட்டுவிட்டு வழவழவென்று இழைத்திருந்தார். செத்தவர் மோட்சத்தில் தழும்பில்லாமல்தானே இருப்பார் என்று என்னிடம் காரணமும் சொன்னார். வாழ்நாளெல்லாம் புனிதர்களின் கன்னத்து வெடிப்பை அடைத்த கை, கீறலைக் கண்டால் சும்மா இருக்குமா?

சிப்பாய் வந்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை மிகவும் நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது யார் வீட்டுப் பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்றது. கன்னத்துக் கோடுகள்தான் இன்ன குடும்பத்துப் பிள்ளை என்று சொல்பவையாம். அவை இல்லாவிட்டால் அம்மா எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாள், போய்ச் சேர்ந்த முன்னோர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றார். நாங்கள் குறை என்று நினைத்து மறைத்தது அவர்களுடைய விலாசம். தலையையும் தொட்டுக் காட்டினார். இது போதாது, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாக இருக்க வேண்டும் என்றார்.

அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பூசணிக்கா மாதிரி தலை வச்சா ஊரே சிரிக்கும்னு சொல்லு மே" என்றார். அதை நாசூக்காகத்தான் சொன்னேன். சிப்பாய் கோபப்படவில்லை. பூமிக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் தலையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறார்கள், அவரவர் வாழ்வு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது, கையும் காலும் அதைச் சுமக்க வந்தவை, அதனால் தலை பெரிதாகத்தான் இருக்கும் என்று விளக்கினார். நமக்கும் தலையெழுத்து என்ற ஒன்று இருக்கிறது. ஏதாவது கெட்டது நடந்தால் நெற்றியில் அடித்துக்கொண்டு, யாரோ இப்படி எழுதிவிட்டார்கள் என்று அழுவோம். நானும் அடித்துக்கொண்டு அழுதவள்தான். நானே தேர்ந்தெடுத்து வந்த தலை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். தம்பிக்குப் பதிலாக அன்று முன்னால் போகிற தலையை அந்த அண்ணன் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார் என்று அவர் சொன்னபோது அதில் அழுகை இல்லை. எங்கள் சின்னப் பட்டறை எனக்கு அன்று கோயிலாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் புதுக் கட்டையை எடுத்தார். இந்த முறை அந்தச் சிப்பாய் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரிய தலை, உச்சியில் உயர்த்தி வாரிய முடி, புடைத்த கண், கன்னத்தில் மூன்று மூன்று கோடு. அந்தக் கோடுகளைப் போடும்போது மட்டும் என் வீட்டுக்காரர் உளியை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டு எடுத்தார். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து முடியில் பூசச் சொன்னார் சிப்பாய். உடம்புக்குச் செஞ்சந்தனம் இழைத்துத் தடவினோம். கடற்கரையில் வாங்கிய சோழிகளைக் கோத்து அவரே மணிக்கட்டில் கட்டினார். முதலில் பூசணிக்காயாகத் தெரிந்த அந்தத் தலை, பார்க்கப் பார்க்க ஒரு ராஜாவின் தலையாகிவிட்டது.

நான் வெள்ளை வர்ணமும் மெல்லிய தூரிகையும் எடுத்துவந்து கண் எழுத உட்கார்ந்தேன். பட்டறையில் அது என் பங்கு, அதில் எனக்கும் கர்வம் உண்டு. அவர் கையை நீட்டித் தடுத்தார். முகத்துக்கு எதுவும் வேண்டாம், அம்மா தினமும் குளிப்பாட்டித் துடைப்பாள், காராமணியை மசித்து வாயில் வைத்துத் தேய்ப்பாள், எண்ணெய் தடவுவாள், கொஞ்ச வருஷத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் தேய்ந்து வழவழவென்றாகிவிடும் என்றார். அவர்கள் தெருவில் ஒரு கிழவியிடம் முகமே இல்லாத ஒரு உருவம் இருந்ததாம். அதைப் பார்க்கிறவர்கள் முதலில் அந்தக் கிழவியைத்தான் கும்பிடுவார்களாம்.

நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் தமிழில் சொன்னேன். அவர் மூக்கொட்டிய அந்தோனியாரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"நாம இத்தினி வருசமா மூஞ்சி தேயாம பாத்துகினு கீறோம். தேயறதுக்குன்னே ஒருத்தன் செய்யச் சொல்றான் பாரு மே" என்றார்.

அந்த வாரமே கப்பல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கைந்து தோழர்களோடு சிப்பாய் வந்தார். துறைமுக வாசலில் லாரி காத்திருந்தது, விடிந்தால் கப்பல் ஏறிவிடுவார்கள். உருவத்தை ஒரு துண்டில் சுற்றி நான் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். என் பட்டாள மூட்டையில் திணித்து எடுத்துப்போனால் இது வெறும் கட்டை, ஊராக இருந்தால் செதுக்குபவர் வீட்டிலிருந்து அம்மா இதைச் சுமந்து, ஆடிப் பாடி அழைத்துப் போயிருப்பாள், பிள்ளை பெற்ற ஒருத்தி லாரி வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தால்தான் இது பிள்ளை, இந்தத் தெருவில் யாராவது வருவார்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் தொட்டில் இல்லாததை அவர் பார்த்திருப்பார், அதனால்தான் என்னைக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் உப்புத்தாளைக் கையில் எடுத்து மடித்துக்கொண்டே நின்றார்.

"நான் பெத்திருக்கேன்" என்றேன்.

தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு அவருக்காக இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது. அழவே இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை, மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பெட்டியை என் வீட்டுக்காரர்தான் செய்தார், இதே பட்டறையில். அழாதே, பேசாதே, அடுத்தது பிறக்கும் என்று தெருப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அந்தச் சிப்பாய் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பையனா, பெண்ணா?" என்று கேட்டார். அதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. பையன் என்றேன். அவர் தோழர்களிடம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

உருவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அவர்கள் ஊரில் இடுப்புத் துணியில் செருகுவார்களாம். உங்கள் ஊரில் பிள்ளை எங்கே உட்காருமோ அங்கே வையுங்கள் என்றார். இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு சாண் கட்டைக்கு அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

தோழர்களில் ஒருவரிடம் உடுக்கையைப் போல இடை ஒடுங்கிய ஒரு மேளம் இருந்தது, கூடாரத்தில் அவர்களே செய்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வளைந்த குச்சியால் அடித்தார். கயிற்றை இறுக்கினால் ஒலி ஏறியது, விட்டால் இறங்கியது. அது தாளம் மட்டும் போடவில்லை, பேசியது. அவர்கள் பாஷையே ஏறி இறங்கிப் பேசுகிற பாஷை, அதனால் வார்த்தைகளை மேளத்திலேயே சொல்லிவிடுவார்களாம். செத்துப்போனவர் யார் மகன், யார் பேரன், அவர் வம்சத்தார் என்னென்ன பெருமை உள்ளவர்கள் என்று ஒன்று விடாமல் அது சொல்லிக்கொண்டு வந்தது. சொல்லச் சொல்ல மற்றவர்கள் குரல் கொடுத்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து எத்தனையோ கடல் தாண்டி, கருவாடு காய்கிற எங்கள் தெருவில் ஒரு வம்சத்தின் பெயர்கள் எல்லாம் காற்றில் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவையும் துப்பாக்கியோடு சேர்த்துச் சுமந்து காடெல்லாம் அலைந்திருக்கிறார்களே, ஒன்றையும் தொலைக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு விம்மியது. எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் பாதி வழியில் என் கால் என்னைக் கேட்காமலே அந்த மேளத்துக்கு விழ ஆரம்பித்தது.

கோயிலிலிருந்து திரும்பிய கூட்டமெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தது. மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா மே, யாரு வூட்டுக் கொயந்த இது?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"அவங்கம்மாகிட்ட போவுது" என்றேன். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, உருவத்தின் தலையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள்.

துறைமுக வாசலில் லாரிக்குப் பக்கத்தில் மேளம் நின்றது. சிப்பாய் தொப்பியைத் தோழரிடம் கொடுத்துவிட்டு, இஸ்திரி போட்ட காக்கி உடுப்போடு அந்தக் கரித்தூள் ரோட்டில் என் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெற்றி தரையில் பட்டது. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் சின்னவர். எழுந்திருங்கள் என்று பதறினேன். இது உங்களுக்கு இல்லை, அம்மாவுக்கு, இன்று நீங்கள்தான் அம்மா என்று தரையில் கிடந்தபடியே சொன்னார். எழுந்து வந்து, உங்கள் ஊரில் பிள்ளை புறப்படும்போது தாய் என்ன சொல்வாளோ அதை இவனிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று கையை ஏந்தினார்.

என் பிள்ளையைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. பாயை விட்டு என்னை எழுந்திருக்கவே விடவில்லை. கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

நான் அந்தப் பெரிய தலையை என் கன்னத்தோடு அணைத்துக்கொண்டேன். செஞ்சந்தனம் என்மேல் ஒட்டிக்கொண்டது.

"பத்திரமா போய்ட்டு வா, நைனா" என்றேன்.

கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு லாரியில் ஏறி, மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் அதை யாருக்குச் சொன்னேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. லாரி கிளம்பியதும் அவரும் அதன் பின்னாலேயே, காவல்காரர் நிறுத்துகிற இடம் வரைக்கும் நடந்து போனார்.